கலியபெருமாள் கூட்டி வைத்த சத்தம்

செய்தி கைபேசியில்தான் வந்தது. சைகோனின் கான் ஹொய் பாலத்தில் காலை நேர மோட்டார் சைக்கிள் கூட்டத்துக்குள் சிக்கி நின்றுகொண்டிருந்தேன். சட்டைப் பைக்குள் போன் விடாமல் அதிர்ந்தது. பாலம் இறங்கியதும் வண்டியை ஓரமாக நிறுத்திப் பார்த்தேன். கோயில் நண்பர்கள் குழுவில் கலியபெருமாளின் படம். கீழே, விடியற்காலையில் மருத்துவமனையில் காலமானார் என்று இரண்டு வரி. அதற்குள் பலர் அஞ்சலி செலுத்தியிருந்தார்கள். வண்டியில் பெட்ரோல் தீரப் போகிறது, போட வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். உண்மையை எழுதுவதென்றால் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

"அவர்கூட ரொம்ப வருஷம் வேலை பார்த்தவர் நீங்கதான், நாலு வரி எழுதிக் குடுங்க" என்று நினைவு மலர் போடும் நண்பர்கள் கேட்டார்கள். சரிதான். சைகோனில் வீடுகளுக்கு ஹோம் தியேட்டர் பொருத்தும் நிறுவனம் ஒன்றில் நாங்கள் இருவரும் ஒரே நாளில் சேர்ந்தோம். அவனுக்குக் காரைக்கால், எனக்குத் தேவகோட்டை. ஒரே வயது. அவர் என்று எழுதினால் வேறு யாரையோ பற்றி எழுதுவது போலிருக்கிறது. அவன் என்றே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் சேர்ந்து செய்த முதல் வீடு டான் சோன் நாட் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அறையைச் சுற்றி ஐந்து ஸ்பீக்கர், மூலையில் அடித்தொனிக்காக ஒரு சப்-ஊஃபர். பெட்டிகளை மாட்டுவது பெரிய காரியமில்லை. ஆள் உட்காரும் இடத்தில் அத்தனை பெட்டியின் சத்தமும் ஒரே அளவில் வந்து சேர வேண்டும். வேலை அதில்தான் இருக்கிறது. சோபாவில் காது உயரத்துக்கு டெசிபல் மீட்டரை நிறுத்தி, ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் சோதனை இரைச்சலை ஓடவிட்டு, கூட்டியும் குறைத்தும் சமன் செய்வோம். அன்று மீட்டரின் எண் நிலைக்கும் நேரமெல்லாம் தலைக்கு மேலே ஒரு விமானம் இறங்கியது. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் காத்திருப்போம். ஐந்தாவது விமானம் போனதும் கலியபெருமாள் எழுந்து செருப்பைத் தேடினான்.

"எங்கப்பா கெளம்பிட்ட?"

"டவர்ல போயி சொல்லிட்டு வரேன். ஒரு அரை மணி நேரம் மேலயே சுத்திக்கிட்டு இருங்கடான்னு."

வீட்டுக்காரருக்குத் தமிழ் தெரியாது. நாங்கள் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார்.

மீட்டர் சொல்வதோடு அவன் விடமாட்டான். கடைசியில் சோபாவில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்பான். "பின்னாடி ஸ்பீக்கர் இருக்குன்னு ஒருத்தன் திரும்பிப் பார்த்தான்னு வை, நாம கூட்டி வச்சுட்டோம்னு அர்த்தம்" என்பான். ஒரு வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்குப் படத்தில் பேசுவது புரியவில்லை. மொத்தச் சத்தத்தையும் ஏற்றி ஏற்றி அவருக்குத் தலைவலிதான் மிச்சம். இவன் நடு ஸ்பீக்கரை மட்டும் இரண்டு டெசிபல் கூட்டினான். பேச்சு அதிலிருந்துதான் வருகிறது. பாதிப் படம் வரை அந்த அம்மாளுடன் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இப்ப ஒவ்வொரு வார்த்தையும் கேக்குதாம்" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னான்.

என் அம்மா இறந்தபோது ஊருக்குப் போக எனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. ஏஜென்ஸி திறப்பதற்கு முன்பே போய் நின்று, மூன்று கடை ஏறி இறங்கி, யாரோ ரத்து செய்த ஓர் இருக்கையை வாங்கி வந்தவன் இவன்தான். என்னை வண்டியில் உட்காரவைத்து விமான நிலையத்தில் விட்டான். உள்ளே போகும்போது, "அழுவணும்னா இங்கயே அழுதுட்டுப் போ. அங்க போனா எல்லாரும் ஒன்னயப் பார்த்துத்தான் அழுவாங்க" என்றான். இந்தக் கலியபெருமாளைத்தான் நான் நம்பினேன்.

அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து ஒரு சந்து வீடு. இங்கே வீடுகள் ஒடுங்கி நீண்டு, ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இதய அறுவை சிகிச்சை முடிந்து வந்திருந்தார். அதனால் சப்-ஊஃபரை நன்றாக அடக்கி, மைனஸ் நாலில் வைத்து, அளவுகளைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டு வந்தேன். மறுநாள் ரிமோட் பிடிக்கச் சொல்லித்தர கலியபெருமாள் தனியாகப் போனான். அந்த வார இறுதியில் பெரியவரை மறுபடி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அவருடைய மகள் வட்டார அலுவலகத்து ஆளோடு எங்கள் நிறுவனத்துக்கே வந்துவிட்டாள். சுவர் நடுங்கியதாம்.

அந்த வீட்டுக்கு ஓடிப்போய், ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவரைப் பார்த்தேன். சப்-ஊஃபர் ப்ளஸ் ஆறு. பின்பக்க ஸ்பீக்கர் இரண்டும் ப்ளஸ் ஐந்து. "உங்கள் நண்பர்தான் கூட்டி வைத்தார். நீங்கள் ரொம்பப் பயந்து வைத்திருக்கிறீர்களாம். என் கணவருக்கு மிகவும் பிடித்துவிட்டது" என்றார் வீட்டுக்கார அம்மாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. அவனே சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். அவன் சொல்லிக்கொள்ள இடம் விட வேண்டும் என்பதற்காக நான் முதலாளியிடம் வாய் திறக்கவில்லை. அந்த மாதம்தான் பொருத்தும் பிரிவின் பொறுப்புக்கு எங்கள் இருவரில் ஒருவரைப் போடுவதாக இருந்தது. அது என் நினைவிலேயே இல்லை. அவன் நினைவில் இருந்திருக்கிறது.

முதலாளி சிங்கப்பூர்த் தமிழர். தாளைத் தூக்கிக் காட்டினார். "மைனஸ் நாலுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. மெஷின்ல ப்ளஸ் ஆறு இருக்கு. யார் மாத்தினது?"

நான் கலியபெருமாளைப் பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்தான்.

"நான் ரிமோட்டு சொல்லிக் குடுக்கத்தான் போனேன் சார். லெவல் பக்கம் கையே வைக்கல."

தலையைக் குனிந்துகொண்டு சொல்லியிருந்தால்கூட எனக்கு ஏதாவது மிஞ்சியிருக்கும். என் கண்ணைப் பார்த்தே சொன்னான். பிறகு நான் நடந்ததைச் சொன்னபோது, பழியைத் தள்ளிவிடப் பார்க்கிறேன் என்றாகிவிட்டது. வீட்டுக்காரரைக் கேட்டார்கள். பக்கத்து வீட்டுக்குப் பயந்து, தங்களுக்கு எதுவும் தெரியாது என்றுவிட்டார்.

பெரியவர் பிழைத்து வீடு திரும்பினார். மன்னிப்புக் கேட்க என்னைத்தான் அனுப்பினார்கள். பழக்கூடையோடு அவர் கட்டிலருகே குனிந்து நின்றேன். அவர் மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாசலில் வண்டியோடு காத்திருந்தவன் கலியபெருமாள். திரும்பும் வழியில் ஐஸ் காப்பி வாங்கித் தந்தான். குடித்தேன். அடுத்த வாரம் அவன் பொறுப்பாளரானான். நான் கான் ஹொய் கிடங்குக்குப் போனேன். பெட்டிகளை இறக்கி அடுக்கும் வேலை. அதன் பிறகு எந்த வீட்டுக்கும் என்னை அனுப்பவில்லை.

இந்த ஊரில் தமிழர் கொஞ்சம் பேர். ஒருவரை விட்டு ஒருவர் எங்கே ஓடுவது? வெள்ளிக்கிழமைகளில் த்ருவோங் டின் தெரு மாரியம்மன் கோயிலில் பார்த்துக்கொள்வோம். "என்னப்பா, வீட்டுல சௌக்கியமா?" என்பான். சௌக்கியம் என்பேன். அப்படியே பதினொரு ஆண்டுகள் போயின.

சென்ற ஆண்டு அவன் கூப்பிட்டான். நுரையீரலில் நோய் முற்றியிருந்தது. "சேது, ஒரு ஒதவி. ஹால்லயே கட்டில போட்டுட்டாங்க. சோபாவுக்கு வச்ச லெவல் கட்டிலுக்கு ஒத்து வரலப்பா. வேற எவனையும் கைவைக்க வுட மனசு வரல."

போனேன். அவன் மனைவி லான் டீ கொடுத்துவிட்டுச் சந்தைக்குக் கிளம்பினார். தலையணைப் பக்கத்தில் மீட்டரை நிறுத்தினேன். இடது பின்பக்க ஸ்பீக்கர் இப்போது அவன் காதை ஒட்டி இருந்தது. அதை மட்டும் நிறையக் குறைக்க வேண்டியிருந்தது. வேலை முடிந்து இரைச்சலை நிறுத்தினேன். அறையில் நாங்கள் இருவர்தான். அவன் பேசட்டும் என்று வயர்களை மெதுவாகச் சுற்றினேன். கடைசியில் நானே கேட்டேன்.

"கலியா, அந்தச் சந்து வீடு ஞாபகம் இருக்கா?"

கண்ணை மூடியிருந்தான். "எந்த வீடுப்பா? எத்தனையோ வீடு." பிறகு, "எடது பக்கம் இன்னும் ஒரு அரை கொறைச்சு வையேன்" என்றான்.

குறைத்து வைத்தேன்.

தகனம் முடிந்த மறுநாள் துக்கம் விசாரிக்கப் போனேன். லான் என் கையைப் பிடித்துக்கொண்டு வியட்நாமிய மொழியில் சொன்னார்: "அண்ணா, அந்தச் சந்து வீட்டில் நீங்கள் செய்த தவறை அவர் என்றைக்கும் மனதில் வைத்துக்கொண்டதில்லை. உங்களை வேலையைவிட்டு அனுப்பாமல் இருக்க முதலாளியிடம் மன்றாடியது அவர்தானே. அதைச் சொல்லும்போதெல்லாம், 'பாவம் சேது, நான் மன்னித்துவிட்டேன்' என்பார்."

அழுது அழுது அவர் கண் வீங்கியிருந்தது. முப்பது ஆண்டுகள் உடன் வாழ்ந்த மனிதரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை என்று நம்பித்தான் அவர் அதை என்னிடம் சொன்னார். நன்றி என்று அவர் மொழியிலேயே சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அவனை அறிந்த நண்பர்களே, உங்களுக்கு அவன் செய்த உதவிகள் பொய்யில்லை. எனக்குச் செய்ததும் பொய்யில்லை. என் அம்மாவின் முகத்தைக் கடைசியாக நான் பார்த்தது அவனால்தான். அதற்காக மற்றதை மறந்துவிடலாம் என்று முயன்று பார்த்தேன், முடியவில்லை. அவன் என்னை மன்னித்தவனாகவே போய்ச் சேர்ந்துவிட்டான். நடந்தது என்ன என்பது இப்போது என் ஒருவனிடம் மட்டும் இருக்கிறது. அவனிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதைத்தான்.

ஒரு வேண்டுகோள். இதைப் படிப்பவர்கள் யாரும் லானிடம் இதைச் சொல்ல வேண்டாம். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. தெரிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.