வெர்மான்ட் தாய்க்கு ஒரு பிளாஸ்டிக் உறை

போன சனிக்கிழமை என் மனைவி எனக்கு ஒரு நன்மை செய்தாள். அந்த அடியிலிருந்து நான் இன்னும் எழும்பவில்லை.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் பைத்தியம் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன் — நான் பழைய அமெரிக்கக் குடும்பங்களின் கடிதங்களைச் சேர்ப்பவன். தபால் தலையே இல்லாத காலத்துக் கடிதங்கள். தாளை மடித்து, அரக்கு வைத்து ஒட்டி, மேலே விலாசம் எழுதிவிடுவார்கள். தனியாக உறை கிடையாது.

யாழ்ப்பாணத்தானுக்கு இதெல்லாம் எதற்கு? கோயிலில் கேட்கிறார்கள், கல்யாண வீட்டில் கேட்கிறார்கள். மொன்றியலில் நான் குடியிருக்கும் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் பழைய ஆங்கிலேயக் குடும்பங்கள் வீட்டைக் காலி செய்யும்போது, பெட்டி பெட்டியாகக் கடதாசி தேவாலயத்து மலிவு விற்பனைக்கு வரும். ஒருநாள் குளிர்கால ஜாக்கெட் வாங்கப் போனவன் ஒரு கடிதக் கட்டோடு திரும்பினேன். ஜாக்கெட் இன்னும் வாங்கவில்லை.

ஜனாதிபதிகள் கையெழுத்திட்ட கடதாசிகளும் சந்தையில் உண்டு. அவை வேறு ஆட்களுக்கு. மாடு நொண்டுகிறது, மழை விடவில்லை, காலுறை அனுப்புகிறேன் என்று எழுதும் தாய்மார்தான் எனக்குக் கட்டுப்படியாகும்.

என்னிடம் இருந்ததிலேயே முத்தானது, அமெரிக்காவின் வெர்மான்டில் இருந்து ஒரு தாய், மொன்றியலுக்கு வேலை தேடிப் போன மகனுக்கு எழுதியது. தாளில் இடம் முடிந்ததும், தாளைத் திருப்பி வைத்து, எழுதியதற்கு மேலேயே குறுக்காக எழுதியிருந்தாள். "அங்கையும் கடதாசித் தட்டுப்பாடோ? பாவம் மனிசி" என்று என் மனைவி மதி கூட இரக்கப்பட்ட கடிதம்.

அதைப் பற்றி இணையத்தில் எழுதினேன். வெர்மான்டில் இருந்து ஹாரிஸ் என்ற ஓய்வுபெற்ற பல் வைத்தியர் மின்னஞ்சல் அனுப்பினார் — அந்தத் தாய் அவருடைய பரம்பரையாம். கடிதத்தைத் தந்தால், ஆசிரியரே கையெழுத்திட்ட ஒரு பழைய அமெரிக்கப் பயண நூலைத் தருவதாகச் சொன்னார்.

நம்முடைய வெளியீட்டு விழாக்களில் கையெழுத்து இல்லாத பிரதிதான் அரிது என்பது வேறு விஷயம். ஆனால் அந்தக் காலத்து நூலில், எழுதியவரின் பேனா பட்ட மை... எத்தனை வருடமாக நான் ஏங்கியது! சனிக்கிழமை நேரில் வந்து மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு.

வியாழக்கிழமை சாப்பிடும்போது ஒரு புலம்பல் புலம்பினேன். "மடிப்பில கிழியப் பாக்குது மதி. அந்த மனிசன் கையில எடுக்க ரெண்டாப் போகப் போகுது."

மதி செயின்ட்-மிஷேலில் ஒரு கார்டெரியில், அதாவது பகல்நேரக் காப்பகத்தில், குழந்தைகளைப் பார்க்கிறாள். பிள்ளைகள் கிறுக்கும் படங்களைப் பாதுகாக்க அங்கே ஒரு லமினேட் மெஷின் இருக்கிறது. இதை நான் மறந்துபோனேன்.

சனிக்கிழமை ஹாரிஸ் வந்துவிட்டார். புத்தகம் அவர் மடியில். நான் பெருமையோடு கடிதம் வைத்த ஃபைலைத் திறக்கிறேன் — உள்ளே ஒன்றுமில்லை! அப்போது மதி தேநீர்த் தட்டோடு வந்தாள். கோப்பைகளுக்குப் பக்கத்தில், பளபளவென்று... அந்தத் தாய்.

"பயப்பிடாதேங்கோப்பா. இனித் தேத்தண்ணி ஊத்துப்பட்டாலும் ஒண்டும் ஆகாது."

"அந்தச் சிவப்பு அரக்கு எங்கையப்பா?" என்று கேட்டேன்.

"அது மெஷினுக்குள்ள போகேல்லை. சுரண்டிப்போட்டன். இப்ப வடிவாக் கிடக்கு."

கடிதம் சேர்க்கும் யாரிடமும் கேட்டுப் பாருங்கள். பசை கூடாது, செலோடேப் கூடாது என்பார்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பற்றிக் கேட்டால் கதிரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு வைத்தியமே கிடையாது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "உம்மை ஆர் கேட்டது? கடதாசி எண்டா எல்லாத்தையும் லமினேட் பண்ணுறதே?"

அசட்டுக் கேள்வி. எங்கள் ஆட்கள் பண்ணத்தானே செய்வார்கள்? பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பதிவு, பிள்ளை நீச்சல் பழகிய சான்றிதழ் — லமினேட் செய்யாத கடதாசியை எங்கள் வீடுகளில் கடதாசியாகவே மதிப்பதில்லை.

மதி அறைக்குள் போனாள். தன் பிறப்புச் சான்றிதழைக் கொண்டுவந்து கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். ஓரமெல்லாம் மஞ்சளாகிப்போன பழைய பிளாஸ்டிக்.

"சண்டையில இடம்பெயரேக்க மழை. ஆல்பம், சோதினை ரிசல்ட், அம்மா எனக்கு எழுதின காயிதங்கள் — பைக்குள்ள எல்லாம் கூழ். அப்பா லமினேட் பண்ணி வைச்ச இது ஒண்டுதான் மிஞ்சினது. இதை வைச்சுத்தான் இஞ்ச அகதிக் கேஸில நான் நானெண்டு நிரூபிச்சனான்" என்றாள். "அந்த மனிசியின்ர காயிதமாவது மிஞ்சட்டும் எண்டுதான் செய்தன்."

அவளுடைய அம்மா எழுதிய கடிதங்கள் இருந்தன என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். வெர்மான்ட் தாயின் மாட்டுக்கு எந்தக் கால் நொண்டி என்பது எனக்கு மனப்பாடம். வெட்கமாக இருந்தது.

ஹாரிஸுக்கு எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் மதியின் சான்றிதழை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, வெகுநேரம் பார்த்தார். பிறகு — அவரும் எங்கள் ஜாதிப் பைத்தியம்தானே — மெல்லக் கேட்டார். "இதை விற்பீர்களா?"

மதி வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள். "இதை வித்துப்போட்டு நான் பிறக்கேல்லை எண்டு திரியிறதோ?"

அதையும் மொழிபெயர்த்தேன். ஹாரிஸ் சிரித்தார். அவர் சிரிப்பதைப் பார்த்து மதியும் சிரித்தாள்.

"மன்னியுங்கள், நம் ஏற்பாட்டை விட்டுவிடுவோம். சந்தையில் இனி இதற்கு மதிப்பில்லை" என்றேன்.

"நான் சந்தைக்கு வரவில்லையே" என்றார் ஹாரிஸ். "எங்கள் வீட்டுக் கடிதத்தை வாங்க வந்தேன். இனிப் பேரப்பிள்ளைகள் கையிலும் பயமில்லாமல் கொடுக்கலாம்." புத்தகத்தை மேசையில் வைத்தார். அந்தத் தாயைக் கக்கத்தில் பத்திரமாக இடுக்கிக்கொண்டு காரில் ஏறினார்.

ஆக, புத்தகம் எனக்குக் கிடைத்துவிட்டது. முதல் பக்கத்தில், மங்கிய பழுப்பு மையில் கையெழுத்து. அதை அலுமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

நேற்று மதி மிகுந்த அன்போடு கேட்டாள்: "என்னப்பா, அந்தக் கையெழுத்துப் போட்ட ஒற்றைத் தாளை மட்டும் கழட்டித் தாங்கோவன்... திங்கக்கிழமை செய்துகொண்டு வாறன்."