ஆண்புறாவுக்குப் பால் ஊறும் நாட்டில்

காலையில் வேலைக்கு வந்ததும் நான் செய்யும் முதல் காரியம், ஓர் ஆண்புறாவைக் கையில் எடுத்து, தொண்டையைத் தடவிப் பால் ஊறியிருக்கிறதா என்று பார்ப்பது. ஊரில் இதைப் படிப்பவர்கள் சிரிப்பீர்கள். காஞ்சிபுரம் போனால் காலாட்டிப் பிழைக்கலாம் என்பார்கள். நான் அமெரிக்கா வந்து புறாவின் கழுத்தைத் தடவிப் பிழைக்கிறேன். புறாக்களில் அப்பனும் தொண்டைப் பையில் பால் சுரந்து குஞ்சுக்கு ஊட்டுவான். முதலில் ஒரு ஹார்மோன் அவனைக் கூவிக்கொண்டு பெட்டையைச் சுற்றவைக்கும். அடைகாக்கும்போது புரோலாக்டின் என்ற இன்னொன்று ஊறி அவனை அப்பனாக்கும். எங்கள் ஆய்வுக்கூடப் பேராசிரியர் முன்னதை ஊசியில் ஏற்றி, அடைகாப்பவன் கூட்டை விட்டு மறுபடி கூவப் போகிறானா என்று பார்க்கிறார். மனிதனுக்கு ஊசி எதற்கு, வெளிநாட்டு வேலை உத்தரவு போதும்.

சில ஆண்களை, பெட்டை முட்டையிட்டதும், கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் மாற்றிவிடுவோம். முட்டையைத் தொட முடியாது, அவள் அடைகாப்பதைப் பார்க்கலாம், அவ்வளவுதான். பார்த்தே அவனுக்குப் பால் ஊறிவிடுகிறது. எனக்குப் பார்க்கவும் வாய்க்கவில்லை. மனைவி ஐந்து மாதமாக இருக்கும்போது புறப்பட்டு வந்தவன் நான். போன வருடம் ஒருநாள், மூன்று வருடமாக மகனைப் பார்த்ததில்லை என்றதும், கூட வேலை செய்யும் வெள்ளைக்காரப் பெண் விவாகரத்து என்று நினைத்து வருந்தினாள். இல்லை, மாதம் இரண்டு கடிதம் போடுகிறேன் என்றேன். இன்னும் அதிகமாக வருந்தினாள்.

போன கோடையில் ஒரு மாத விடுப்பில் ஊருக்குப் போனேன். மகனின் காதுகுத்தை நான் வரும்வரை தள்ளிவைக்கச் சொல்லியிருந்தேன். அவன் வாயால் அப்பா என்று கேட்கவேண்டும், வேறு ஆசையில்லை. தாமலில், மனைவியின் அண்ணனான மைத்துனர் வீட்டில்தான் அம்மாவோடு வளர்கிறான். போய்ச் சேர்ந்த அன்று என் பக்கமே வரவில்லை. மறுநாள் மாகறல் கோயிலில் தாய்மாமனான மைத்துனர் மனையில் உட்கார்ந்தார். ஆசாரி ஊசியை எடுத்துக்கொண்டு, "மாமா மடியில போய் உக்காருப்பா" என்றார்.

மகன் நேராக என்னிடம் வந்து என் மடியில் உட்கார்ந்தான். எல்லோரும் சிரித்தார்கள். ரத்தம் ரத்தத்தை அறியும் என்று நான் பூரித்துப்போனேன். மனைவிதான் குனிந்து, மெதுவாகச் சொன்னாள்: "அண்ணன் பசங்க ஒங்கள மாமான்றாங்க இல்ல, இவனும் அதயே புடிச்சிக்கினான். அண்ணனத்தான் அப்பான்னு கூப்புட்டுக்கினு இருக்குறான். எத்தினி தபா சொல்லியும் கேக்க மாட்டேங்குறான். மனசுல வெச்சிக்காதீங்க."

மைத்துனர் முகம் கறுத்துவிட்டது. "கொழந்தைதானே மாப்ளே, போவப்போவ தெரிஞ்சிக்கும்" என்றபடி அவனைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவர்மேல் கோபப்பட எனக்கு ஒரு காரணமும் இல்லை. அதனாலேயே கோபம் கோபமாக வந்தது.

ஊசி இறங்கியதும் மகன் "அப்பா" என்று அலறினான். முந்திக்கொண்டு "என்னா கண்ணு" என்றவன் நான்தான். இவர் யார் என்பதுபோல அவன் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு, மைத்துனர் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இன்னும் சத்தமாக அப்பா அப்பா என்று அழுதான்.