பாதையில் பிறந்தவளின் செவ்வாய்

என் மகள் எந்தக் கரையிலும் பிறந்தவள் இல்லை. எனக்கு வலி எடுத்தது மேற்கே, படுவான்கரையில். ஆஸ்பத்திரி இருந்தது கிழக்கே, எழுவான்கரையில். நடுவில் மட்டக்களப்பு வாவி கிடந்தது. ஆட்களையும் சைக்கிள்களையும் சில நேரம் ஓர் உழவு இயந்திரத்தையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரில் மெல்ல நகரும் பலகைத் தட்டை இங்கே பாதை என்போம். அந்தத் தட்டின் மேல், ஒரு பன்பாயில், இரண்டு கரையும் ஒரே தூரத்தில் தெரிந்த இடத்தில், ஆடி மாதத் தொடக்கத்தில் ஒரு விடியலில் அவள் பிறந்தாள்.

கூட வந்த மிஸ்ஸி, அதாவது எங்கள் ஊருக்குப் பொறுப்பாக இருந்த மருத்துவ மாது, தொப்புள்கொடியைக் கட்டி முடித்ததும் டோர்ச் லைட்டை அடித்துக் கைமணிக்கூட்டைப் பார்த்தார். “ஆறு மணி, குறிச்சு வையுங்க” என்றார். என் கணவர் நெருப்புப்பெட்டியைப் பிரித்து அதன் உள்மட்டையில் குறித்தார். அந்த மட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. காலை 6.00 என்று எழுதியிருக்கிறது. யாருடைய ஆறு மணி என்று எழுதவில்லை.

இப்போது இருபது வயதில் இருப்பவர்களிடம் சொன்னால் கதை விடுகிறேன் என்பார்கள். அந்தக் காலத்தில் எங்கள் மாவட்டத்தில் இரண்டு நேரம் ஓடியது. அரசாங்கம் நாட்டின் மணிக்கூடுகளை அரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைத்திருந்தது. எழுவான்கரை அதன்படி நடந்தது. அரசோடு போரிட்ட இயக்கத்தின் கையில் இருந்த படுவான்கரை, தள்ளமாட்டேன் என்று பழைய நேரத்திலேயே நின்றது. எழுவான்கரையில் ஆறு என்றால் எங்களுக்கு ஐந்தரை. கல்யாணக் கடிதத்தில் முகூர்த்தத்துக்குப் பக்கத்தில் ‘பழைய நேரம்’ என்று அடிப்பார்கள். பாதையில் ஏறினால் சிலர் மணிக்கூட்டைத் திருகுவார்கள், சிலர் திருகாமல் மனதுக்குள் கணக்குப் போடுவார்கள். நான் திருகாத ஆள்.

பிள்ளை பிறந்து முப்பத்தொரு நாள் துடக்குக் கழிந்ததும் சாதகக் குறிப்பு எழுதுவிக்கப் போன என் கணவரிடம் எங்கள் ஊர்ச் சாத்திரியார் கேட்ட முதல் கேள்வியே பழைய நேரமா புதிய நேரமா என்பதுதான். அவர் யோசிக்காமல் பழைய நேரம் என்றார். எங்கள் ஊரில் எங்களோடு வேலை செய்த மிஸ்ஸியின் கையில் வேறு எந்த நேரம் இருக்கும்? குறிப்பு வந்தது. கடக லக்கினம். எட்டில் செவ்வாய்.

எட்டில் செவ்வாய் என்றால் நம்மவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கட்டுகிறவனுக்கு ஆகாது என்பார்கள். நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். இதெல்லாம் வேலையில்லாதவர்களின் பேச்சு என்று குறிப்பைச் சுருட்டி அலுமாரிக்குள் எறிந்தேன். அவளுக்கு ஏழு வயதாக இருந்தபோது, வயல் வட்டையில் வேளாண்மை வேலைக்குப் போய்வந்த என் கணவர் எலிக்காய்ச்சலில் ஐந்தே நாளில் போய்விட்டார். செத்த வீட்டில், அவருக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு பெண், “செவ்வாய்க் குற்றத்தோட புள்ள பிறந்த வீடு, வேற எப்படி இருக்கும்” என்றாள். அழுதுகொண்டிருந்த நான் எழும்பிப் போய் அவளை வாசலுக்கு வெளியே விட்டுப் படலையைச் சாத்தினேன். மகள் அந்தப் பக்கம் விளையாடிக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழவில்லை என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அந்தப் பாதையைப் பற்றியோ, அவள் பிறந்த விடியலைப் பற்றியோ நான் வாய் திறக்கவில்லை. திறந்தால் அவர் நினைவில் அழுதுவிடுவேன்.

போன வருஷம் கிரானில் இருந்து சம்பந்தம் வந்தது. வந்தது என்பதைவிட, கம்பசில் ஒன்றாகப் படித்த இருவரும் தாங்களே முடிவு செய்துவிட்டு எங்களைக் கொண்டு வரவழைத்தார்கள். நல்ல பெடியன். வீட்டாரும் மரியாதையான வேளாண்மைக் குடும்பம். குறிப்புப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் அவனுடைய தாய் போன் எடுத்தார். “குறை நினைக்காதீங்க தங்கச்சி. எங்களுக்கு ஒரே மகன். எட்டில செவ்வாய் எண்டு தெரிஞ்சும் எப்படித் துணியிற?” என்று அழுதார். திட்டலாம் என்று வாயைத் திறந்த நான் அந்த அழுகையைக் கேட்டு மூடிக்கொண்டேன்.

மகள் அழவில்லை. “நான் கடக லக்கினம் தானே அம்மா, நண்டுமாதிரி வளைக்குள்ள இருந்திடுவன்” என்று சிரித்தாள். சின்ன வயதில் இருந்தே அவள் தன்னைப் பற்றிப் பேசினால் இப்படித்தான் பேசுவாள். கோபம் வந்தால் செவ்வாய், ஒதுங்கினால் கடகம். அலுமாரிக்குள் நான் எறிந்ததை எடுத்து எடுத்துப் படித்திருக்கிறாள். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் அல்ல. இந்தச் சாத்திரத்தை வேரோடு பிடுங்கிக் காட்டுகிறேன் என்று படிக்கத் தொடங்கினேன்.

பிடுங்கப் போனவள் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பாபிலோனில் மனிதர்கள் தலைமுறை தலைமுறையாக வானத்தைப் பார்த்துக் களிமண் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். எந்தக் கோள் எப்போது எழுந்தது, எப்போது மறைந்தது, அந்த மாதம் தானியம் என்ன விலை, ஆற்றில் தண்ணீர் எவ்வளவு. ஆரம்பத்தில் எல்லாம் அரசனுக்காகவும் நாட்டுக்காகவும்தான். பிறகு எப்போதோ, யாரோ ஒருவர் துணிந்து, ஒரு சாதாரணக் குழந்தை பிறந்த நாளின் வானத்தையும் எழுதியிருக்கிறார். அந்த இடத்தை வாசித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அரசனுக்கு மட்டும் சொந்தமாக இருந்த வானம் அன்றைக்குத்தான் ஒரு பிள்ளைக்கும் கிடைத்திருக்கிறது.

கிரேக்கர்கள் அதை இன்னும் நுணுக்கமாக்கி, பிறந்த கணத்தில் கிழக்கே எழும் பாகையைப் பிடித்தார்கள். அதுதான் லக்கினம். அது கப்பலேறி இந்தியாவுக்கு வந்தது. எங்கள் சாத்திரியார் சொல்லும் ஓரையும் கேந்திரமும் கிரேக்கச் சொற்களாம்! அரபு தேசத்தில் கோள்களுக்குப் புதிதாக அட்டவணை போட்டார்கள். எத்தனை பாஷை, எத்தனை மதம், எத்தனை கண் விழிப்பு. கடைசியில் படுவான்கரையில் ஒரு நெருப்புப்பெட்டி மட்டை வரை வந்து சேர்ந்திருக்கிறது. அதில் சொல்லப்படும் பலனை நான் அன்றும் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பன்னிரண்டு கட்டத்தைக் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை.

ஓட்டமாவடியில் இருந்து பஸ்ஸில் வந்து எங்கள் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கும் டீச்சர் ஒருவர் இருக்கிறார். அவர் முஸ்லிம், அவர்கள் குறிப்புப் பார்ப்பதில்லை. ஆனாலும் ஓய்வறையில் என் புலம்பலை முழுதாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“டீச்சர், அந்த மிஸ்ஸி எந்தக் கரையில குடியிருந்தவ?”

“எழுவான்கரை. ஒவ்வொரு நாளும் பாதையில வந்து போவா. அண்டைக்கு மட்டும் என்னாலதான் எங்கட ஊரில தங்கினா.”

“அப்ப வேலைக்கு வந்ததுக்குக் கையெழுத்து வைக்கிற புத்தகம் எங்க?”

“எழுவான்கரையில, பெரிய கந்தோரில.” சொல்லும்போதே, அந்த அரசாங்க அலுவலகம் புதிய நேரத்தில்தான் நடந்தது என்பது எனக்கு உறைத்தது.

“எங்கட வாப்பாட கடையில ரெண்டு மணிக்கூடு தொங்கின. உள்ளுக்கிருந்து, இயக்கத்திட பக்கமிருந்து, நெல்லுக் கொண்டு வாறாக்களுக்கு ஒண்டு, எங்களுக்கு ஒண்டு. ஆனா வாப்பாட கையில கட்டினது புது நேரம்தான். கந்தோரோட வேலை உள்ள ஆரும் பழைய நேரத்தைக் கையில கட்ட மாட்டாங்க டீச்சர்.”

மிஸ்ஸி இப்போது உயிரோடு இல்லை. கேட்க ஆள் இல்லை. ஆனால் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. வலி அடங்கி மல்லாந்து கிடந்தபோது, மேற்கே, நாங்கள் விட்டு வந்த கரைக்கு மேலே, ஒரு சிவந்த வெள்ளி, அதாவது ஒரு நட்சத்திரம், பெரிதாக எரிந்துகொண்டிருந்தது. பாயில் கிடந்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சூரியன் எழும்பியிருந்தால் வெள்ளி தெரியுமா? மணிக்கூடு பார்க்க டோர்ச் லைட் எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, போனில் வானம் காட்டும் செயலி ஒன்றை இறக்கினேன். வாவியின் நடுவில் இடத்தைக் குறித்தேன். அவள் பிறந்த நாளைக் கொடுத்தேன். முதலில் பழைய நேரம் ஆறு மணி என்று கொடுத்தேன். சூரியன் வெளியே வந்துவிட்டிருந்தது, வானம் நீலமாக இருந்தது. ஒரு வெள்ளியும் இல்லை. அரை மணித்தியாலம் பின்னுக்கு நகர்த்தினேன். வானம் கருநீலமானது. உச்சிப் பக்கம் தேய்பிறை நிலவு வந்தது. அதற்குக் கீழே, மேற்கில், நான் பார்த்த அதே இடத்தில், சிவப்பாக ஒரு புள்ளி நின்றது. விரலால் தொட்டேன். செவ்வாய் என்று எழுத்து வந்தது.

கதிரையில் உட்கார்ந்திருந்தவள் எழும்பி நின்றுவிட்டேன். அந்த வருஷம் செவ்வாய் பூமிக்கு மிகக் கிட்ட வந்ததாகப் பத்திரிகையில் போட்டிருந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. என் பிள்ளைமேல் இத்தனை வருஷம் பழியாகக் கிடந்த அதே கோளை நான் அன்றைக்குக் கண்ணால் கண்டிருக்கிறேன். பெயர் தெரியாமல் கண்டிருக்கிறேன். அது அங்கே தெரிந்தது என்பதே சூரியன் இன்னும் எழும்பவில்லை என்பதற்குச் சாட்சி. நான் வணங்குகிற பழக்கம் குறைந்தவள். அன்றைக்கு அந்தப் போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

மறுநாள் களுவாஞ்சிக்குடியில் கணினியில் குறிப்பு எழுதும் ஒருவரிடம் போனேன். நேரத்தைத் திருத்திக் கொடுத்ததும் கட்டங்கள் ஒரு கணத்தில் மாறின. “நட்சத்திரம் அப்படியே கிடக்கு, அரை மணியில சந்திரன் எங்க போறது? லக்கினம்தான் மாறுது. மிதுனத்திட கடைசிப் பாகையள். செவ்வாய் ஒன்பதில வருது” என்றார். “குற்றம் இல்லை, பயப்படாமக் கலியாணத்தைச் செய்யுங்க.”

குறிப்பை அன்றைக்கே கிரானுக்கு அனுப்பினேன். நெருப்புப்பெட்டி மட்டையின் படத்தையும், போனில் எடுத்த வானத்தின் படத்தையும் சேர்த்தே அனுப்பினேன். நம்பாதவள்தான், ஆனால் பிள்ளை என்று வந்தால் கொள்கை எல்லாம் கொடியில் காயட்டும். அடுத்த கிழமை சரி என்று பதில் வந்தது. அவனுடைய தாய் இந்தமுறை சிரித்துக்கொண்டு அழுதார்.

வீட்டில் சந்தோஷம் என் ஒருத்திக்கு மட்டும்தான் இருந்தது. மகள் வேலைக்குப் போனாள், வந்தாள், சாப்பிட்டாள். என்ன மிதுனக்காரி, இன்னும் நண்டு வளைக்குள்ளயா என்று பகிடி பண்ணிப் பார்த்தேன். சிரிக்கவில்லை. மூன்றாம் நாள் பின்னேரம், நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருக்க, கதவுநிலையில் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

“ஒன்பது அப்பாட வீடாம். தெரியுமா அம்மா?”

எனக்குத் தெரியும். அத்தனை புத்தகத்தைப் படித்தவளுக்குத் தெரியாமல் இருக்குமா? ஒன்பதாம் இடம் தகப்பனுக்கு உரியது. நான்தான் அந்தப் பக்கத்தைச் சத்தமில்லாமல் தாண்டிப் போயிருந்தேன்.

“எட்டில நிண்டா கட்டுறவருக்குக் கூடா. ஒன்பதில நிண்டா அப்பாக்குக் கூடா. அப்ப அண்டைக்குச் செத்த வீட்டில அந்த மாமி சொன்னது சரிதானே?”

கத்தியைப் பலகையில் வைத்தேன். அவள் கேட்டிருக்கிறாள். ஏழு வயதில் கேட்டதை இத்தனை வருஷமாக உள்ளே வைத்திருக்கிறாள். கடகம், நண்டு, வளை என்று அவள் சிரித்துச் சிரித்துச் சொன்னதெல்லாம் தன்னால்தான் அப்பா போனார் என்பதைத்தான். அந்தக் கட்டங்களில் அவளுக்கு என்ன நடக்கும் என்று எழுதியிருக்கவில்லை. ஆனால் என் பிள்ளை தன்னைப்பற்றி என்ன நினைத்துக்கொண்டிருந்தாள் என்பதை அவைதான் எனக்குக் காட்டின. பக்கத்தில் படுத்து வளர்த்த நான் காணாததை.

எலிக்காய்ச்சல் ஒரு கிருமியால் வருவது என்று தொடங்கப் போனேன். வகுப்பில் எத்தனையோ தடவை சொன்ன பாடம். அது நாக்கில் ஏறவில்லை. கையைக் கழுவிவிட்டு அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தேன்.

“ஓம், செவ்வாய் ஒன்பதிலதான் நிண்டது. கண்ணால கண்டவள் நான் சொல்றன். படுவான்கரைக்கு மேல, இவ்வளவு பெரிசா நிண்டது. உன்னை மிஸ்ஸி தூக்கி அப்பாட கையில குடுத்தா. ரெண்டு கையாலயும் ஏந்திக்கொண்டு அதுக்கு நேர கீழதான் அவரு நிண்டாரு.”

“நிண்டு?”

“சிரிச்சாரு. அழுதுகொண்டு சிரிச்சாரு. பாதை ஆடுது, விழப்போறீங்க, இரிங்க எண்டு பாதைக்காரர் ஏசினாரு. மனுசன் இருக்கவே இல்லை. அக்கரை போய்ச் சேருமட்டும் உன்னை வச்சுக்கொண்டு நிண்டபடிதான் வந்தாரு.”

மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது.

“இதை ஏன் நீங்க ஒருநாளும் எனக்குச் சொல்லல்ல?” என்றாள்.