ஐம்பத்தேழாவது பெயர்

ஓரின் ஹாஸ்கியூவுக்கு வயது ஐம்பத்தொன்பது. கொகோமோவில் சொந்த வீடு இருக்கிறது. நவம்பர் பிறந்துவிட்டால் அந்த வீட்டுக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இந்தியானா, ஒஹாயோ, கென்டக்கி என்று மூன்று மாநிலங்களில் உள்ள கல்லூரி அரங்குகளின் மரப்பலகைகளில்தான் குடித்தனம். தொழில்முறைக் கூடைப்பந்து அணி ஒன்றுக்கு ஆள் பார்த்துச் சொல்லும் வேலை.

ஆள் பார்ப்பது என்றால் நாளைய நட்சத்திரத்தைக் கண்டுபிடிப்பது என்று நினைத்துவிட வேண்டாம். நட்சத்திரங்களைப் பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஜூன் மாதம் டிராஃப்ட் நடக்கும்போது முப்பது அணிகளும் வரிசைப்படி புது ஆட்டக்காரர்களை எடுத்துக்கொள்ளும். முதல் சுற்றிலேயே நல்லதெல்லாம் போய்விடும். ஓரினுக்கு விட்டது இரண்டாம் சுற்றின் வால். கடை சாத்தும் நேரத்தில் கூடையின் அடியில் கிடப்பதில் அழுகாததாக ஒன்றைப் பொறுக்கித் தர வேண்டும். இப்படி எந்த அணி பொறுக்கினாலும் பத்துக்கு ஒன்பது பேர் ஒரு வருடம்கூடத் தாங்க மாட்டார்கள். அந்தப் பத்தாவது ஆளுக்காகத்தான் மனிதர் பதினோரு வருடமாகப் பனியில் கார் ஓட்டிக்கொண்டிருந்தார்.

அந்த அணியில் ஒரு வழக்கம் உண்டு. அலுவலகச் சுவரில் பெரிய இரும்புப் பலகை. அதில் பெயர் எழுதிய காந்தப் பட்டைகள் ஒட்டியிருக்கும். ஜூன் மாதம் ஆள் பார்ப்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு சிவப்புக் காந்தம் கொடுப்பார்கள். நெஞ்சில் கை வைத்துச் சொல்லக்கூடிய ஒரு பெயருக்குப் பக்கத்தில் அதை ஒட்ட வேண்டும். ஓரின் பதினோரு முறை ஒட்டியிருக்கிறார். பதினோரு முறையும் அவர் சொன்ன ஆளை எடுக்கவில்லை. ஒரு முறையாவது தான் சொன்ன பெயரைத் தொலைக்காட்சியில் படிக்கக் கேட்டுவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதை வெளியே சொல்ல வெட்கம், அவ்வளவுதான்.

இந்த வருடம் தலைமை மேலாளர் கர்ட் வேண்டிவர் தானாகவே வாக்குக் கொடுத்தார்.

"ஓரின், வரிசையில நமக்கு வர்ற ஐம்பத்தேழாவது இடம் உங்களுக்குத்தான். நீங்க யாரைச் சொல்றீங்களோ அவனை எடுக்கறோம். நான் குறுக்க வரமாட்டேன்."

"ஏன் திடீர்னு?"

"அடுத்த வருஷம் உங்களை வெச்சுக்கலாமான்னு மேல கேக்கறாங்க. காட்டறதுக்கு ஒண்ணாவது வேணாமா?"

ஓரின் யோசிக்கவே இல்லை. "டேவியன் பர்டெட்," என்றார்.

டேவியன் பர்டெட், வெஸ்ட் ஃபோர்க் என்ற சின்னக் கல்லூரியின் ஆட்டக்காரன். ஜனவரி பதினாலாம் தேதி ஓரின் அங்கே போனார். வழியெல்லாம் பனி. போய்ச் சேருவதற்குள் முதல் பாதி ஆட்டம் முடிந்துவிட்டது. அரங்கு நிறைந்து, கடைசி வரிசையில்தான் இடம். அந்தக் கல்லூரி அணிப் பையன்கள் ஒரு பந்தயம் கட்டி மொத்தமாக மொட்டை அடித்திருந்தார்கள். உச்சியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே தலை. சட்டையில் எண் மட்டும்தான், பெயர் கிடையாது. ஓரின் எண்ணைப் பார்த்தார், கையில் கொடுத்த ஆட்டக்காரர் பட்டியலைப் பார்த்தார். முப்பத்திரண்டு என்றால் டேவியன் பர்டெட்.

அந்த முப்பத்திரண்டு இருபது நிமிடம் ஆடிய ஆட்டம் இருக்கிறதே! இடது கையால் ஒரு பாஸ். ஓடுகிற ஓட்டத்தில், திரும்பிக்கூடப் பார்க்காமல், எதிராளியின் விலாவை உரசிக்கொண்டு பந்து போனது. ஒரு முறை என்றால் அதிர்ஷ்டம் என்று விட்டுவிடலாம். ஆறு முறை. ஓரினின் மயிர்க்கால் நட்டுக்கொண்டது. காருக்கு வந்து விளக்கைப் போட்டுக்கொண்டு நாலு பக்கம் எழுதினார்.

ஓரினிடம் ஒரு பிடிவாதம். தான் எழுதி முடிக்கும் முன் புள்ளிவிவரத் தாளைத் தொட மாட்டார். எழுதி முடித்த பின்னும் தொட மாட்டார் என்பது வேறு விஷயம். அணியில் ஆட்டப் புள்ளிவிவரம் பார்க்கும் லீனா என்ற பெண் மார்ச் மாதமே ஒரு முறை கேட்டாள்.

"ஓரின், ஜனவரி பதினாலு அன்னைக்கு டேவியன் ஆடவே இல்லைன்னு எங்கிட்ட இருக்கே. தேதி மாறி எழுதிட்டீங்களா?"

"உன் கம்ப்யூட்டருக்குக் கண்ணு இருக்கா?"

"இல்ல."

"எனக்கு ரெண்டு இருக்கு. போய் வேலையைப் பாரு."

அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டாள். ஐம்பத்தேழாவது ஆளுக்காக யார் மல்லுக்கட்டுவார்கள்?

அதற்குப் பிறகு இரண்டு முறை டேவியனைப் போய்ப் பார்த்தார். நல்ல பையன். ஓடுகிறான், தடுக்கிறான், வியர்வை சிந்துகிறான். அந்தப் பாஸ் மட்டும் வரவில்லை. ஓரினுக்குக் கொஞ்சம் உறுத்தியது. 'கோச் இவனைக் கட்டிப்போட்டு வைத்திருக்கிறார்' என்று எழுதிக்கொண்டு உறுத்தலை மூடிவிட்டார். மே மாதம் எவன்ஸ்வில்லில் டேவியன் வீட்டுக்கே போனார். அம்மா லொரெட்டா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை செய்பவர். அன்றைக்கு விடுப்பு எடுத்துக் கோழி பொரித்து வைத்திருந்தார். ஓரின் இரண்டாவது தட்டும் வாங்கிக்கொண்டு, அந்த ஆறு பாஸ்களையும் மேசையில் உப்புக் குடுவையை நகர்த்தி நகர்த்தி விளக்கினார். லொரெட்டா முகத்தில் சந்தோஷம் தாங்கவில்லை. டேவியன் தட்டைப் பார்த்தபடியே இருந்தான். அடக்கமான பையன் என்று ஓரின் மெச்சிக்கொண்டார்.

டேவியனுக்குக் கல்லூரியில் இன்னும் ஒரு வருடம் பாக்கி இருந்தது. டிராஃப்டிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டு திரும்பிப் போக மே மாதக் கடைசி வரை அவகாசம். அவன் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த நாள் தாண்டிவிட்டால் கல்லூரி ஆட்டம் அதோடு சரி. எடுத்தால் அணி, இல்லையென்றால் தெரு.

ஜூனில் மூன்று நாள் சோதனை ஆட்டத்துக்கு அழைத்தார்கள். முதல் நாள் பாஸ் வரவில்லை. பதற்றம் என்றார் ஓரின். இரண்டாம் நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் டேவியன் இடது கையால் இரண்டு முறை முயன்றான். ஒன்று பார்வையாளர் நாற்காலியில் போய் விழுந்தது. இன்னொன்று கர்ட்டின் காப்பியில்.

"ஓரின், நீங்க நாலு பக்கம் எழுதினது இந்தப் பாஸைத்தானா?" என்றார் கர்ட், சட்டையைத் துடைத்துக்கொண்டே.

ஓரினுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. தன் கண்ணை நம்புவதா, தன் கண்ணையே நம்புவதா? பார்த்ததும் அதே கண், பார்க்காததும் அதே கண். ஒருவேளை ஜனவரியில் தனக்குக் காய்ச்சலோ என்றுகூடத் தோன்றியது. மனைவிக்குப் போன் போட்டு, "ஜனவரில நான் நல்லாத்தானே இருந்தேன்?" என்று கேட்டார். "நீ என்னைக்கு நல்லா இருந்த?" என்று அந்த அம்மாள் போனை வைத்துவிட்டாள்.

கடைசியில் வெஸ்ட் ஃபோர்க்கிலிருந்து அந்த ஆட்டத்தின் வீடியோவை வரவழைத்து, லீனாவின் மேசையில் உட்கார்ந்து பார்த்தார். தான் தவறவிட்ட முதல் பாதியை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார்.

முதல் பாதியில் முப்பத்திரண்டு என்று யாருமே இல்லை. பெஞ்சின் ஓரத்தில் காலில் கட்டோடு, சாதாரண உடையில் டேவியன் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தான். பதினோராம் எண் ஆட்டக்காரனுக்கு முழங்கை இடித்து மூக்கில் இரத்தம். சட்டையெல்லாம் சிவப்பு. இரத்தக் கறை பட்ட சட்டையோடு ஆட விதியில் இடமில்லை. பெரிய கல்லூரியாக இருந்தால் மாற்றுச் சட்டை இருக்கும். வெஸ்ட் ஃபோர்க்கில் ஏது? அன்றைக்கு ஆடாத டேவியனின் சட்டை சும்மா கிடந்தது. இரண்டாம் பாதிக்கு அந்த மூக்குடைந்தவன் அதைப் போட்டுக்கொண்டு வந்தான்.

"பதினொண்ணு யாரு?" என்றார் ஓரின்.

லீனா பட்டியலைத் தட்டினாள். "ரெனார்ட் கிப்ஸ். இந்த வருஷம் படிப்பு முடிச்சவன். அவனையும் இந்த டிராஃப்ட்ல எடுக்கலாம். யாரும் அவனைக் கூப்பிடல." பிறகு, "நான் அப்பவே சொன்னேன்," என்றாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் நானாக இருந்தாலும் சொல்லியிருப்பேன்.

மறுநாள் காலை, டேவியன் ஊருக்குப் பேருந்து ஏறும் முன், ஓரின் அவனை ஒரு சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப் போனார். ரொட்டியைவிட மூன்று மடங்கு பெரிய பன்றி இறைச்சி வறுவல் வந்தது. இருவரும் அதைத் தொடவில்லை.

"டேவியன், ஜனவரி பதினாலு..."

"தெரியும் சார்."

"என்ன தெரியும்?"

"அது ரெனார்ட். என் சட்டை. நான்தான் பையில இருந்து எடுத்துக் குடுத்தேன்."

ஓரினுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "அப்ப எங்கிட்ட ஏன்டா சொல்லல? உங்க வீட்டுல உக்காந்து ஒரு மணி நேரம் பேசினேனே!"

"எங்கம்மா முன்னாடி பேசினீங்க சார்." பையன் கண்ணாடித் தம்ளரைத் திருப்பிக்கொண்டே இருந்தான். "எங்கம்மா அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. அதுல போய், அம்மா, இவர் சொல்றது நான் இல்லன்னு எப்படிச் சொல்றது? அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம் நாள் தாண்டிடுச்சு."

"காலேஜையும் விட்டுட்ட."

"அந்தப் பாஸைக் கத்துக்கலாம்னு நெனச்சேன் சார். மே மாசத்துலேருந்து தினமும் ஐந்நூறு தடவை போடறேன். பத்துக்கு மூணு வருது." அவன் தலை நிமிர்ந்தான். "அம்மாகிட்ட மட்டும் இப்ப சொல்லிடாதீங்க. நானே சொல்றேன்."

ஓரின் தலையாட்டினார். ஏமாற்றியவன் யார், ஏமாந்தவன் யார் என்று அவருக்குப் பிடிபடவே இல்லை. பையனைத் திட்ட வாய் வரவில்லை. தன்னைத் திட்டிக்கொள்ள மனம் வரவில்லை. பேருந்து கிளம்பிய பிறகும் நிறுத்தத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

இரண்டாம் சுற்று மறுநாள் பிற்பகல். அறையில் பன்னிரண்டு பேர். பலகையில் டேவியன் பெயருக்குப் பக்கத்தில் ஓரினின் சிவப்புக் காந்தம். அதை நகர்த்தாமல் விட்டால் தீர்ந்தது. ஒரு தாய்க்குச் சந்தோஷம், பையனுக்கு ஒரு வருடச் சம்பளம், தனக்கும் அசடு வழிய வேண்டாம். ஆனால் அந்தப் பையன் முதல் மாதத்திலேயே திணறுவான் என்று ஓரினுக்குத் தெரியும். ஆறு மாதம் அவனைப் பார்த்தவர் ஆயிற்றே. கிப்ஸைப் பார்த்ததோ இருபது நிமிடம். இருபது நிமிடத்தை நம்பி ஒருவனை எடுக்கலாமா? அந்த இருபது நிமிடத்தை நம்பித்தானே இன்னொருவனின் படிப்பைக் கெடுத்தோம்? எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டியது.

"ஐம்பத்தேழு வரப்போகுது," என்றார் கர்ட். "ஓரின், பர்டெட்தானே?"

ஓரின் எழுந்தார். எழுந்தது எதற்கென்று அவருக்கே தெரியவில்லை. வாய் மட்டும் பேச ஆரம்பித்தது. பனி, மொட்டைத் தலைகள், சட்டை, மூக்கில் இரத்தம் எல்லாவற்றையும் சொன்னார். டேவியனுக்கு முன்பே தெரியும் என்பதை மட்டும் விழுங்கிவிட்டார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். கர்ட் சிரிக்கவில்லை.

"அப்ப அந்த நாலு பக்கம் கிப்ஸோடது."

"ஆமா."

"லீனா, கிப்ஸ் எப்படி?"

"மோசமில்ல. கடைசில இருக்கற எல்லாரையும்விட மோசமில்ல."

"ஓரின், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ரெண்டு நிமிஷம் இருக்கு. நீங்க கண்ணால பாத்தது யாரை?"

ஓரின் பலகைக்குப் போனார். காந்தம் லேசில் வரவில்லை. நகத்தால் நெம்ப வேண்டியிருந்தது. கிப்ஸுக்குப் பட்டையே இல்லை. லீனா ஒரு வெள்ளைத் தாளில் பெயரை எழுதி நீட்டினாள். சிவப்புக் காந்தத்தால் அந்தத் தாளைப் பலகையில் அழுத்தினார்.

ஐம்பத்தேழாவது பெயரைத் தொலைக்காட்சியில் படித்தார்கள். ரெனார்ட் கிப்ஸ், வெஸ்ட் ஃபோர்க் கல்லூரி. பன்னிரண்டாவது வருடத்தில் ஓரின் ஹாஸ்கியூ சொன்ன பெயர் முதன்முதலாக ஒலித்தது. யாரோ முதுகில் தட்டினார்கள்.

நடைக்கூடத்துக்குப் போய் டேவியனுக்குப் போன் போட்டார். மணி ஒரு முறைதான் அடித்தது. எடுத்தது லொரெட்டா. பின்னால் ஏகப்பட்ட பேர் பேசுகிற சத்தம். சொந்தக்காரர்களையெல்லாம் கூப்பிட்டிருந்தார் போல.

"மிஸ்டர் ஹாஸ்கியூ! நல்லவேளை நீங்களே கூப்பிட்டீங்க. டிவில பேரை மாத்திப் படிச்சுட்டாங்க. எங்க காலேஜ் பேரைச் சரியாச் சொல்லிட்டு, பையன் பேரை மட்டும் வேற யாரையோ சொல்றாங்க. இவன் வேற ஒண்ணும் பேசாம மாடிக்குப் போயிட்டான். நீங்க அங்கதானே இருக்கீங்க, கொஞ்சம் சொல்லிச் சரி பண்ணிடுங்க சார்."

"இல்லம்மா," என்றார் ஓரின். "டிவில சரியாத்தான் படிச்சாங்க. ஆறு மாசமா நான்தான் தப்பாப் படிச்சுட்டேன். உங்க பையன் மேல ஒரு தப்பும் இல்ல."

லொரெட்டா போனை வைக்கவில்லை. மற்றவர்களைப் பார்த்துக் கையைத் தூக்கியிருக்க வேண்டும். பின்னாலிருந்த சத்தமெல்லாம் ஒவ்வொன்றாக அடங்குவது ஓரினுக்குக் கேட்டது.