மூக்கில்லாத ராசா தந்த கைவிசேஷம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தள்ளிப்போட்டேன். பெரிய படிப்பில்லை, இன்னொருவர் வீட்டு விஷயம் என்ற தயக்கமும் இருந்தது. வீட்டு வேலைக்குப் புதிதாய் வருகிறவர்களுக்கு உதவட்டும் என்று பிள்ளையாரைக் கும்பிட்டு எழுதுகிறேன். நான் வேலை செய்த வீட்டார் இத்தாலியனில் கதைத்ததை எங்கள் பேச்சில் தருகிறேன்.

1. தண்ணீர் படக்கூடாத காசு

இத்தாலியின் பலெர்மோ நகரில், பொலிதேயாமா அரங்கின் பக்கம் ஒரு வயதான சிஞ்ஞோரே, அதாவது ஐயா, வீட்டில் வேலை. தனியாக இருந்தார், மகள் வேறு ஊரில். பழைய நாணயம் சேர்ப்பவர். குழி குழியாக அவற்றை அடுக்கிய பெட்டியைத் தூசிபடாமல் பார்ப்பதும் என் பொறுப்பு. தண்ணீர் படக்கூடாது, விளிம்பில்தான் பிடிக்க வேண்டும்.

அவருக்குப் பிடித்தது சில நூறு வருடத்துக்கு முந்திய ஆரகன் ராச்சியத்துத் தெனாரோ. செம்பில் கொஞ்சம் வெள்ளி கலந்த, நகமளவு சில்லறைக் காசு. இரண்டு அச்சுக்கு நடுவே தகட்டை வைத்துச் சுத்தியலால் அடித்தது. ஒன்றில் அடி விலகி, ராசாவின் மூக்கே விழவில்லை.

"மூக்கில்லாட்டியும் இந்த ராசாவுக்குக் கடையிலை பாண் குடுத்திருப்பாங்கள்" என்று சிரிப்பார்.

சித்திரை வருடப்பிறப்புக்கு லீவு கேட்டபோது கைவிசேஷம் பற்றிச் சொன்னேன். பெரியவர்கள் வெற்றிலையில் காசு வைத்துத் தருவார்கள், நாங்கள் செலவழிக்காமல் வைத்திருப்போம் என்றேன். அவர் பால்கனிக்குப் போய்ச் சாடியில் நின்ற எலுமிச்சையில் ஓர் இலை பறித்து, மூக்கில்லாத ராசாவை அதில் வைத்து, இரண்டு கையாலும் நீட்டினார். வேண்டாம் என்றேன்.

"ஏன், நான் உனக்குப் பெரியவன் இல்லையோ?"

வாங்கி, சீசா என்ற பகுதியில் இருந்த எங்கள் வீட்டுச் சுவாமித்தட்டில் வைத்தேன்.

2. காலிக் குழி

பிறகு அவருக்கு மறதி நோய் வந்தது. மகள் வந்து பெட்டியைத் திறந்தார். ஒரு குழி காலி.

"உங்களைக் கள்ளன் எண்டு சொல்லேல்லை. ஆனா இதைத் திறக்கிறது நீங்களும் அப்பாவும்தான்."

"அவர்தான் தந்தவர், சிஞ்ஞோரா."

"அப்பா, நீங்களோ குடுத்தனீங்கள்?"

அவர் என்னைப் பார்த்தார். "இவர் ஆர்?" என்று கேட்டார்.

வேலை போனால் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிப்பது கஷ்டம். களவுப் பெயர் வந்தால் வேறெந்த வீட்டுக் கதவும் திறக்காது.

"இஞ்சேருங்கோ, கைவிசேஷத்தை ஆரும் திருப்பிக் குடுப்பினமே? லட்சுமி போயிடுவாள்" என்றாள் மனைவி, அன்றிரவு காசைத் திருப்பிக் கொடுக்கப்போகிறேன் என்று நான் சொன்னதும்.

"கள்ளன்ரை வீடு எண்டு பேர் வந்தா மட்டும் இருப்பாளோ?"

அவள் விளக்கேற்றிவிட்டு, காசைப் பஞ்சில் சுற்றித் தந்தாள்.

மறுநாள் அதைச் சிஞ்ஞோரே வீட்டு மேசையில் வைத்தேன். மகள் குனிந்து பார்த்தார்.

"ராசாவுக்கு ஆர் பொட்டு வைச்சது?"

"என்ரை மனுசி. சாமியளுக்கு வைக்கேக்கை இவருக்கும் வைச்சிட்டா."

மகள் சிரிக்கவில்லை.

சிஞ்ஞோரே காசை எடுத்தார், விளிம்பில் பிடித்துத்தான். எழுந்து பால்கனிப் பக்கம் தள்ளாடி நடந்தார். விழுந்துவிடுவார் என்று மகள் பின்னால் ஓடினார். அவர் எலுமிச்சை இலை ஒன்றைப் பறித்துக் காசை அதில் வைத்தார். திரும்பி வந்து இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். என் பெயர் அப்போதும் அவர் வாயில் வரவில்லை.

நான் மகளைப் பார்த்தேன். அவர் கண்ணைத் துடைத்தார்.

"வாங்குங்கோ. அப்பாக்குக் கை நோகப்போகுது."

நான் கற்றது இதுதான்: வேலை செய்யும் வீட்டில் அன்பாய்த் தருவதை வாங்குங்கள், ஆனால் அவர்கள் வீட்டாரும் அறிய வாங்குங்கள். இதை யாருக்காவது சொன்னால் நடந்தபடியே சொல்லுங்கள். காசைப் பொன்னாக்க வேண்டாம், அது செம்புச் சில்லறை. மகளைக் கெட்டவளாக்கவும் வேண்டாம். கடவுள் அவர்கள் வீட்டையும் காக்கட்டும்.