முதலில் கை நனைத்தவள்

போன வருடம் கார்த்திகை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில், பவானி ஆற்றங்கரையில் இருக்கும் பெரிய ரெஸ்டாரன்ட் அது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆறு சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் நாங்கள் இரண்டு குடும்பத்தாரும் என்ன பேசுவதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தோம்.

என் மகளும் அவளோடு வேலை பார்க்கும் பையனும் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டார்கள். நாங்கள் கோபிசெட்டிபாளையம் பக்கம், விவசாயக் குடும்பம். பையன் வீட்டார் கோவையில் இருக்கும் கத்தோலிக்கர்கள். விஷயம் தெரிந்த நாளிலிருந்து என் வீட்டுக்காரர் மகளோடு பேச்சையே நிறுத்திவிட்டார். அவள் அழுது அழுது பாதியாக இளைத்துப் போனாள். கடைசியில், ஒரே ஒரு தடவை நேரில் பார்க்க மட்டும் ஒத்துக்கொண்டார். அதுவும் இரண்டு வீட்டிலும் வேண்டாம், பொது இடமாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். பையன்தான் இந்த இடத்தை ஏற்பாடு செய்தான்.

காரில் வரும்போதே உத்தரவு போட்டுவிட்டார். "பாக்கறதோட சரி. ஒருத்தரும் கை நனைக்கக் கூடாது."

சம்பந்தம் பேசப் போகிற இடத்தில், பிடித்திருந்தால்தான் நாங்கள் சாப்பிடுவோம். சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். ஆற்றங்கரை ஓட்டலுக்கும் அந்தச் சட்டம் உண்டா என்று அவரிடம் யார் கேட்பது?

பையன் முன்னதாகவே சொல்லி வைத்திருந்ததால் சாப்பாடு உடனே வந்துவிட்டது. நம்மூர்ப் பள்ளிபாளையம் சிக்கனுக்குத் தலையில் பூ வைத்து, பொண்ணு பார்க்க உட்கார வைத்த மாதிரி கொண்டுவந்து வைத்தார்கள். பையனின் அப்பா, "எடுத்துக்குங்க" என்று எழுந்து நின்று உபசரித்தார்.

"வேண்டாங்க, இப்பத்தான் ஊட்டுல சாப்பிட்டுப்போட்டு வந்தோமுங்க" என்று கூசாமல் புளுகினார் என் வீட்டுக்காரர். காலையில் வெறும் காபியோடு கிளம்பிய மனுஷன்! அவர்களோ சர்ச்சில் பூசை முடிந்து நேராக வந்தவர்கள். பசி முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் மரியாதைக்கு, "அப்ப எங்களுக்கும் வேண்டாங்க" என்று கையை மடக்கிக்கொண்டார்கள்.

எங்கள் ஊர்ப் பந்தியில் வேண்டாம் என்றால் இன்னொரு கரண்டி விழும். அந்த சர்வருக்கு அது எப்படித் தெரியும்? வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று நினைத்து, தட்டுகளை எடுக்க ஆரம்பித்துவிட்டார். மகள் என்னைப் பார்த்தாள். தட்டு போனால் கல்யாணமும் போச்சு.

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "தட்டை அப்படியே வையுங்க கண்ணு" என்றேன். ஸ்பூனை ஓரமாகத் தள்ளிவிட்டு, சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்து, எல்லோரும் பார்க்க ஒரு வாய் சாப்பிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் சாப்பிடாமல் நான் சாப்பிட்டதே இல்லை. ஆனாலும் இரண்டாவது வாயையும் விடவில்லை.

"நான் கை நனைச்சுப்போட்டேனுங்க. இனி நீங்க பட்டினி கெடந்து என்ன பண்றதுங்க?" என்று அவரிடமே கேட்டேன்.

பையனின் அம்மா கண் கலங்க எழுந்து வந்து, "நல்லாச் சாப்பிடுங்கக்கா" என்று என் தட்டில் இரண்டு துண்டு சிக்கன் வைத்தார்.

இவர் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுவாரோ என்று பயந்தேன். திரும்பியவர் என்னைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தார்.

"கண்ணு, அந்தக் கொழம்ப இப்படித் தள்ளு."

மாதக்கணக்கில் அவளோடு பேசாதவர் பேசிய முதல் வார்த்தை அது. அவள் அவசரமாகக் கிண்ணத்தை எடுத்து நீட்டினாள். பையனின் அப்பா அதை வாங்கி ஊற்றினார். இவர் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டுமே! மறுபடியும் சிக்கன் வரவழைத்துச் சாப்பிட்டார்.

தை மாதம் கல்யாணம் சிறப்பாக முடிந்தது. மகளுக்காகத்தான் அன்று அப்படித் துணிந்தேன் என்று சொந்தக்காரர்கள் பெருமையாகப் பேசுகிறார்கள். நானும் ஆமாம் என்றுதான் தலையாட்டுகிறேன். ஆனால் அந்த இரண்டாவது வாயை நான் எனக்காகத்தான் சாப்பிட்டேன், அதன் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.