கொம்பியூட்டருக்கு ஸ்டிக்கர் பொட்டு வைத்த கதை

மூன்று வாரத்துக்கு முந்திய ஞாயிறு. பண்டாரவளையில் செல்வத்தின் கொமியூனிகேஷன் கடையில், வழக்கமான ஜன்னலோரக் கொம்பியூட்டரில் போய் உட்கார்ந்தேன். வாராவாரம் உங்களுக்கு எழுதுகிற இந்த பிளாக்கைத் திறந்தால்... எழுதுகிற பக்கத்தையே காணோம்!

பக்கம் இருந்தது. பொத்தான்கள்தான் இடம் மாறியிருந்தன. சிலது போன இடம் தெரியவில்லை. புதிதாகப் பத்துப் பன்னிரண்டு வந்து குந்தியிருந்தன. நடுவில் ஒரு பெட்டி குதித்து வந்து இங்கிலீசில் என்னவோ சொன்னது.

"என்ன தம்பி சொல்லுது இது?"

கடைக்காரர் செல்வம் எட்டிப் பார்த்தார். "புது எடிட்டராம் பெரியம்மா. இனிமே எழுதுறது ரொம்ப லேசாம்."

"கஷ்டமா இருக்குன்னு நான் யாருகிட்ட சொன்னேன்?"

எனக்கு இங்கிலீஸ் தெரியாது. தமிழே ஐம்பது வயதுக்கு மேல், தேயிலைத் தோட்டத்தில் நடந்த முதியோர் வகுப்பில் படித்ததுதான். அதுவரை கடுதாசி வந்தால் வேறொருவர் வாயால் கேட்டு, வேறொருவர் கையால் பதில் எழுதி, கீழே கட்டைவிரலை அமுக்கியவள் நான். நான் சொன்னது ஒன்று, அவர்கள் எழுதியது ஒன்று – அப்படி எத்தனை கடுதாசி போயிருக்கும்? அதனால்தான் இந்தப் பக்கத்தில் முதல் எழுத்திலிருந்து கடைசிப் பொத்தான் வரை என் விரல்தான். வேறு கை படக்கூடாது.

படிக்கத் தெரியாத பொத்தானை எப்படி அமுக்கினாய் என்று கேட்பீர்கள். இடத்தை வைத்துத்தான். மறந்துவிடக் கூடாதே என்று கொம்பியூட்டர் கண்ணாடி மேலேயே ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தேன். பச்சைப் பொட்டு, படம் சேர்க்க. சிவப்புப் பொட்டு, உங்களுக்கு அனுப்ப. செல்வமும் "பொட்டு வச்ச மிஷின் பெரியம்மாவுக்கு" என்று ஞாயிற்றுக்கிழமைகளில் ஒதுக்கியே வைத்துவிடுவார்.

அன்றைக்கும் ஒரு மணி நேரம் எழுதினேன். பழக்கத்தில் சிவப்புப் பொட்டுக்கு நேராக அமுக்கினேன். இங்கிலீசில் ஏதோ கேட்டது. எப்போதும்போல முதல் பொத்தானையே அமுக்கினேன்.

அவ்வளவுதான். எழுதியது மொத்தமும் போயே போய்விட்டது!

பொட்டுக்குப் பின்னால் இப்போது ஒரு குப்பைத் தொட்டிப் படம். இத்தனை நாள் சிங்காரித்து வைத்த இடத்தில் குப்பைத் தொட்டியைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். பொட்டைப் பிய்த்துப் புது இடத்தில் ஒட்டினேன். பக்கத்தைக் கொஞ்சம் நகர்த்தினால் பொத்தானும் கூடவே நகர்ந்து போகிறது. ஓடுகிற பொத்தானுக்கு யார் பொட்டு வைப்பது?

இந்த "லேசு" எனக்குப் புதிதில்லை. தொண்ணூறுகளில் எங்கள் தோட்டத்தைக் கம்பெனி எடுத்தபோது, ஒரு நாள் காலை பேர் கூப்பிடுகிற பெரட்டில் எங்களையெல்லாம் நிற்க வைத்து, ஆளுக்கொரு கத்திரியைக் கொடுத்தார்கள். கையால் பறிக்க வேண்டாமாம், இதால் வெட்டினால் லேசாம். மேனேஜர் துரை தானே ஒரு செடியில் வெட்டிக் காட்டினார். ஒரே ஒரு செடி! நாங்கள் நாள் முழுக்க வெட்டினோம். தோள்பட்டை கழன்றது. கொழுந்தோடு முற்றிய இலை, குச்சி எல்லாம் கூடைக்குள் விழுந்து, ஃபாக்டரியில் கத்தினார்கள். கடைசியில் அந்தக் கத்திரிகள் துரை பங்களா வேலியை அழகாகக் கத்தரித்தன.

லேசாக்கித் தருகிறவர்கள் ஏன் எப்போதும் அந்த வேலையைச் செய்யாதவர்களாகவே இருக்கிறார்கள்?

நல்ல காலம், செல்வம் மூலையில் பொடி எழுத்தில் ஒரு வழியைக் கண்டுபிடித்தார். அதை அமுக்கினால் பழைய பக்கம் வரும். ஆனால், ஏன் திரும்பிப் போகிறாய் என்று ஒரு கேள்வி கேட்கும். அன்றைக்கும் அடுத்த ஞாயிறும் தமிழில் விவரமாகப் பதில் எழுதினேன். குப்பைத் தொட்டி, கத்திரி, துரை – ஒன்றையும் விடவில்லை. பதில் வந்தது. செல்வம் படித்துச் சொன்னார்: "உங்க கருத்துக்கு நன்றியாம்." இரண்டு வாரமும் அதே நன்றி. நீங்களும் கீழே "எங்களுக்கும் பழசுதான் வேணும்" என்று வரிசையாக எழுதினீர்கள். அதை யார் பார்த்தார்கள்?

போன ஞாயிறு போனால், அந்தப் பொடி எழுத்தையும் எடுத்துவிட்டார்கள்.

எங்கள் லயத்து வரிசை வீட்டில் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் மருதாயி, மார்க்கெட் பையோடு பின்னால் நின்றாள். "ஏன்டி இந்த வம்பு? வாயால சொல்லு, அவரு அடிச்சுப் போட்டுடுவாரு. கைநாட்டு வச்ச காலத்துலதான்டி நீ நிம்மதியா இருந்த!"

செல்வமும், "சொல்லுங்க பெரியம்மா, ரெண்டே நிமிஷம்" என்று நாற்காலியை இழுத்தார்.

நல்ல மனிதர்தான். ஆனால் இன்றைக்கு இரண்டு நிமிஷம் என்பார். அடுத்த வாரம் நானே "தம்பி, எழுதிக்கங்க" என்பேன். அப்புறம் என் கட்டைவிரல் மட்டும்தான் மிச்சம்.

"நீங்க போய் கல்லாவுல உக்காருங்க தம்பி" என்றேன்.

அந்தப் பக்கம் முழுவதும் தேடினேன். உச்சியில் ஒரு பெட்டி மட்டும் அசையாமல் இருந்தது. நம்பி அதற்குள் எழுத ஆரம்பித்தேன். இரண்டு மணி நேரம். பஸ் போய்விட்டது. மருதாயி என்னைத் திட்டிக்கொண்டே, வாங்கிய வாழைப்பழத்தில் பாதியைத் தின்று தீர்த்தாள். ஒவ்வொரு பொத்தானாகத் தொட்டுப் பார்த்து, கடைசியில் அனுப்பியும் விட்டேன்.

செல்வம் வந்து பார்த்தார். சிரிப்பை அடக்கிப் பார்த்தார். முடியவில்லை.

"பெரியம்மா, அது தலைப்புப் போடுற பெட்டி! கட்டுரையவே காணோம், எல்லாமே தலைப்பு!"

ஒவ்வொரு எழுத்தும் தேயிலைப் பெட்டியில் அடித்த மார்க் மாதிரி பெரிசாக நின்றது.

மருதாயி முன்னால் நகர்ந்து வந்தாள். அவளுக்கும் அதே வகுப்புப் படிப்புத்தான், ஆனால் கண் மங்கல். கண்ணைச் சுருக்காமல், எழுத்துக்கூட்டி வாசித்தாள். பாதியில் நிறுத்தினாள்.

"கண்ணாடி இல்லாமலே தெரியுதேடி... அடிப்பாவி, இதுல வர்ற வாயாடி நானா?"

"தள்ளுங்க, சரி பண்ணிடுறேன்" என்று செல்வம் மவுசைப் பிடிக்க வந்தார்.

"கைய எடுங்க தம்பி. தப்புன்னாலும் அது நான் போட்ட தப்பு."

இந்த வாரம் எழுதுகிற பெட்டியிலேயே எழுதியிருக்கிறேன் – அது எங்கே இருக்கிறது என்று யாரும் எனக்குக் காட்டவில்லை.